கண் கழுவும் குழாய்

கண் கழுவும் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்ற ஒரே கேள்வியை அங்கம்மாள் அந்த வாரத்தில் ஒன்பது பேரிடம் கேட்டாள். ஒன்பது பேரும் பதில் சொன்னார்கள். அதுதான் அவளுக்கு ஆத்திரம். தெரியாது என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அவள் அவ்வளவு அலைந்திருக்கமாட்டாள்.

குருசுக்குப்பத்தில், கடலுக்குக் கல் கொட்டியிருக்கும் பக்கம் மூன்றாவது வரிசையில் அவள் வீடு. புருஷன் சுப்ரமணி விசைப்படகுக்குப் போகிறவன். அவள் பெரிய மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷமாக மீன் விற்கிறாள். ஒரே மகள் சங்கவி, வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, ஊருக்கு மேற்கே செம்மண் மேட்டில் இருக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாவது வருஷமாகப் பி.எச்டி. பண்ணிக்கொண்டிருந்தாள். குப்பத்தில் கேட்பவர்களுக்கு அங்கம்மாள், "மருந்து கண்டுபுடிக்கிற படிப்பு" என்று சொல்லுவாள். சங்கவி செய்துகொண்டிருந்தது மருந்து அல்ல. சாயப்பட்டறைத் தண்ணீரைத் தெளிய வைக்கிற ஒரு பொடி. அதைச் சொன்னால் யாருக்கும் அதன் மதிப்புப் புரியாது என்பதால் அங்கம்மாள் மருந்தாகவே வைத்துக்கொண்டாள்.

மே மாதக் கடைசி. கத்திரி முடிந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தான், வெயிலுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கட்டிக் கிடந்தன. மார்க்கெட்டில் கேரளாவிலிருந்து ஐஸில் வந்த மீன்தான். கண் குழிந்துபோன அந்த வஞ்சிரத்தை, அன்றைக்குப் பிடித்தது போல அங்கம்மாளும் சொல்லவில்லை, வாங்க வந்த சொல்தா வீட்டு மதாமும் நம்பவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற வீடு. மதாம் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

"சங்கவி அம்மாங்களா? ஒண்ணும் பயப்படாதீங்க. லேப்ல ஒரு சின்ன காயம். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறோம்."

"சின்ன காயத்துக்கு எதுக்குய்யா கண் ஆஸ்பத்திரி?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது. அங்கம்மாள் கத்தியைப் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துவிட்டு, மீன் கவிச்சியோடு ஆட்டோவில் ஏறினாள்.

நடந்தது இதுதான். சங்கவியின் ஆய்வகத்தில் பதினோரு பேர் வேலை செய்தார்கள். பாதுகாப்புக் கண்ணாடி மூன்று இருந்தது, அதில் ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது. ஏசி பங்குனியிலேயே நின்றுபோய், அதற்கு எழுதிப் போட்ட கடிதம் சுற்றிக்கொண்டிருந்தது. புகை இழுக்கும் பெட்டியின் மோட்டார் சத்தம் போடுமே தவிரப் புகையை இழுக்காது. மூலையில் கழிவுத் திரவங்களுக்கென்று பழுப்பு நிற பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஆசிட்டுக்கு ஒன்று, அசிட்டோன் மாதிரி எரியும் சரக்குக்கு ஒன்று. இரண்டும் ஒன்றாகச் சேரக்கூடாது. சேர்ந்தால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு சூடேறிப் பொங்கும். பாட்டில்களின் மேல் ஒட்டியிருந்த காகிதங்கள் வேர்வையிலும் ஆவியிலும் நனைந்து, எழுத்துக் கரைந்து எப்போதோ உதிர்ந்துவிட்டன. புதிதாக வந்திருந்த ஒரு மாணவி கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிய நைட்ரிக் ஆசிட்டை அசிட்டோன் பாட்டிலில் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனாள். நெடி கிளம்பியது. சங்கவி இருமினாள். பாட்டில் கழுவி, பெருக்கித் துடைக்கிற கன்னியப்பன் வந்து, எந்தப் பாட்டிலிலிருந்து நெடி வருகிறதென்று மோந்து பார்த்து, அதன் மூடியை இறுக்கி முறுக்கிவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் பாட்டில் வெடித்தது.

சங்கவி இரண்டு கை தூரத்தில் தராசுக்கு முன் குனிந்து நின்றிருந்தாள். இடது கன்னம், இடது கண், முழங்கை வரை ஆசிட். அவள் கத்திக்கொண்டே, மூன்று வருஷமாகப் பார்த்துப் பழகிய வழியில், நடைபாதைச் சுவரில் பச்சைப் பலகைக்குக் கீழே இருக்கும் கண் கழுவும் குழாய்க்கு ஓடினாள். கைப்பிடியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். குழாய் ஒரு மூச்சு விட்டதே தவிரத் தண்ணீர் வரவில்லை. ஆய்வக மேடைக் குழாயிலும் அந்த நேரத்தில் தண்ணீர் இல்லை. அலறல் கேட்டு ஓடி வந்த கன்னியப்பன் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து எறிந்தார். துறைத் தலைவர் அறை வாசலில் இருந்த குடிதண்ணீர் கேனைத் தூக்கிவந்து, அவளைத் தரையில் உட்காரவைத்து, முகத்தில் மொத்தத்தையும் ஊற்றினார். பிறகு இன்னொரு கேன். அந்த இரண்டு கேன் தண்ணீரும் இல்லாவிட்டால் கண் அங்கேயே போயிருக்கும் என்று டாக்டர் அங்கம்மாளிடம் சொன்னார்.

"யாரு சார் ஊத்தனது?"

"அட்டெண்டர்னு சொன்னாங்கம்மா."

"கண்ணு தெரியுமா சார்?"

"பத்து நாள் போகட்டும். அப்பதான் சொல்ல முடியும்."

மறுநாள் காலை சங்கவியின் வழிகாட்டிப் பேராசிரியர் ஹரிகிருஷ்ணன் வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். நல்ல மனிதர்தான். சங்கவிக்கு உதவித்தொகை வர நான்கு முறை டெல்லிக்குப் போன் போட்டவர். கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டு, "எதிர்பாராம நடந்துருச்சும்மா" என்றார்.

அங்கம்மாள் எழுந்து நின்றாள். "கண்ணு கழுவுற கொழாய்ல ஏன் சார் தண்ணி வரல?"

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "அது... மெயின்டனன்ஸ்மா. நம்ம டிபார்ட்மெண்ட்டுக்குக் கீழ வராது. எஸ்டேட் செக்ஷன், கட்டடம் பாக்கறவங்க."

"கொழா ஒங்க ரூமுக்கு வெளியதான இருக்குது?"

"இருக்கறது அங்கதான். ஆனா பொறுப்பு அவங்களுது."

"அம்மா, சும்மா இரேன்" என்றாள் சங்கவி, பாதி முகக் கட்டுக்குள்ளிருந்து. "சார் பாவம், வேலைய வுட்டுட்டு வந்திருக்காரு."

"நானுந்தாண்டி வேலைய வுட்டுட்டு வந்திருக்கேன்."

அவர் போன பிறகு சங்கவி தாயிடம் கோபித்துக்கொண்டாள். ஜூலையில் அவருடைய திட்டத்துக்கு மறு ஆய்வு வருகிறது, இந்த நேரத்தில் சத்தம் போட்டால் அவருக்கும் கெடும், தனக்கும் கெடும், இன்னும் ஒரு வருஷத்தில் படிப்பை முடித்துவிடலாம் என்றாள். அங்கம்மாள் கஞ்சியை ஆற்றினாள். மகளுக்கு ஒரு கண் மூடிக் கிடக்கிறது, அவள் சாருக்காகப் பேசிக்கொண்டிருக்கிறாள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

மூன்றாம் நாள் அங்கம்மாள் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, வாசலில் இறங்கி, வெயிலில் ஒரு மைல் உள்ளே நடந்தாள். எஸ்டேட் பிரிவில் ஒரு பெண் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "கொழா போட்டது நாங்கதாம்மா. லைன் குடுக்கறது பிளம்பிங் கான்ட்ராக்ட்" என்றாள். பிளம்பிங் கான்ட்ராக்ட் மேற்பார்வையாளர், லைன் கொடுத்தாகிவிட்டது, தண்ணீர் ஏற்றுவது மின்பிரிவு என்றார். மின்பிரிவில் ஒருவர் மோட்டார் நன்றாக இருப்பதாகவும், மேல் தொட்டியில் பாசி இருப்பதாகவும், பாசி எடுப்பது சுகாதாரப் பிரிவு என்றும் சொன்னார். சுகாதாரப் பிரிவில் இருந்தவர் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, "பாப்பா எப்டி இருக்குது?" என்று கேட்டார். கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே அங்கம்மாள் அவரைத் திட்டாமல் விட்டாள்.

கடைசியில் பம்ப் ரூமில் ஒரு கிழவரைப் பிடித்தாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டை விரல் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கொழாயா? அது நான்தாம்மா மூடி வச்சன்" என்றார்.

அங்கம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள். "ஏன்யா?"

"தண்ணி போவ வழியில்லம்மா. கொழா வச்சான், கீழ வடிகால் வைக்கல. தட்டனா தண்ணி நடைல நிக்கும். ஒரு வாட்டி வாத்தியாரம்மா ஒண்ணு வழுக்கி வுழுந்துச்சி. மூடிடுன்னாங்க, மூடிட்டேன். போன தையில டெல்லிலேர்ந்து கமிட்டி வந்திச்சே, அன்னிக்கி ஒருநா தொறந்து வுட்டேன். நல்லா பீச்சி அடிச்சிது. மக்யா நாளு மூடிட்டேன்."

"மூடச் சொன்னது யாரு?"

"எல்லாருந்தான் சொன்னாங்க" என்றார் கிழவர். பொய் சொல்லுகிற முகமில்லை.

ஆறாம் நாள் சங்கவியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மணிக்கு ஒரு தரம் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். வீட்டில் அஸ்பெஸ்டாஸ் கூரை காய்ந்தது. சுப்ரமணி கடலுக்குப் போக வழியில்லாமல் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் மகள் கதையைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் பாட்டில் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது.

"யோவ், வாய மூடிக்கினு கொஞ்சம் இரு. சிலிண்டரு வெடிச்சிதுன்னு பேசிக்கிறாங்க தெருவுல" என்றாள் அங்கம்மாள்.

"நா பாட்டிலுன்னுதாண்டி சொன்னேன்."

அவள் காணாங்கத்தைக் கருவாட்டைச் சுட்டு, பழைய சோற்றோடு மகளுக்கு ஊட்டினாள். பம்ப் ரூமில் கேட்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. கமிட்டி வந்த அன்றைக்கு மட்டும் திறந்து காட்டிவிட்டு மூடியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பப்போகிறேன், பேப்பரில் போடச் சொல்லப்போகிறேன் என்றாள்.

சங்கவி சோற்றை விழுங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ம்மா, வேணாம்."

"ஏன் வேணாம்? ஒங்க சாரு பாவமா?"

"சாருக்காக இல்ல." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "லேப் கதவுல ஒரு சார்ட் தொங்கும். மாசாமாசம் செக் பண்ணணும். தீயணைக்கிற சிலிண்டரு, கண்ணாடி, கண்ணு கழுவுற கொழா, எல்லாம். நல்லா இருக்குதுன்னா டிக் போட்டு கீழ கையெழுத்து. அந்தக் கையெழுத்து நான் போடறதும்மா. நான்தான் லேப்புக்கு சேப்டி இன்சார்ஜ்."

அங்கம்மாளுக்கு முதலில் புரியவில்லை.

"நீ போய் கொழாயத் தொறந்து பாத்துதான் போட்டியா?"

"இல்ல. கமிட்டி வர்றதுக்கு மொத நாளு சார் சார்ட்டக் குடுத்தாரு. பன்னெண்டு மாசத்துக்கும் ஒரேயடியா போட்டேன். பேனாகூட மாத்தி மாத்திப் போட்டேன், ஒரே நாள்ல போட்டதுன்னு தெரியக் கூடாதுன்னு. அதுக்கப்பறம் வந்த மாசத்துக்கும் போட்டேன்."

"தண்ணி வருதுன்னு?"

"வருதுன்னு."

அங்கம்மாள் கையிலிருந்த சோற்றைக் கிண்ணத்தில் போட்டாள். அடிக்க வந்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அடிக்கிற பக்கமெல்லாம் கட்டு. "படிச்சிருக்கியேடி" என்றாள். "ஏண்டி, படிச்சிருக்கியே. பெருவெரல் வைக்கிற பொம்பளகூட இன்னா எழுதியிருக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுதான வைப்பா. ஒன்பது பேரக் கேட்டேன். நாய் மாதிரி வெயில்ல அலஞ்சி கேட்டேன். பத்தாவதா ஒன்னக் கேக்காம போயிட்டேனே!"

சங்கவி அழுதாள். அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அங்கம்மாளே அவளைச் சமாதானமும் செய்ய வேண்டியிருந்தது. இப்படி ஒரு கேடு.

அன்று சாயங்காலம் ஹரிகிருஷ்ணன் போன் செய்தார். சங்கவி ஸ்பீக்கரில் போட்டாள். வெள்ளிக்கிழமை விசாரணைக் கமிட்டி இருக்கிறது என்றார். "நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். மூடிய முறுக்குனது கன்னியப்பன். அது உண்மைதானே? அத மட்டும் சொல்லு. சார்ட்டு பத்திக் கேக்கமாட்டாங்க. நான் அத எடுத்து உள்ள வச்சிட்டேன். அவரு கான்ட்ராக்ட் ஆளு, வேற எடத்துல வேல கெடைக்கும். உனக்கு வேற தீசிஸ் கெடைக்குமா? யோசிச்சிப் பாரு."

போனை வைத்ததும் சங்கவி, "நான் அப்டி சொல்லமாட்டேம்மா. கன்னியப்பன் அண்ணன் இல்லன்னா எனக்குக் கண்ணே இல்ல" என்றாள்.

வாசலிலிருந்து சுப்ரமணி எட்டிப் பார்த்தான். அங்கம்மாள் மனதில் ஓடியது அவளுக்கே பிடிக்கவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, கூடை தூக்கி, ஐஸ் தண்ணீரில் விரல் வெடித்து, மார்க்கெட்டில் போலீஸ்காரனிடம் ஏச்சு வாங்கிப் படிக்கவைத்த படிப்பு. பேருக்கு முன்னால் டாக்டர் என்று போடுகிற படிப்பு. இன்னும் ஒரு வருஷம்.

"அவரு முறுக்குனது நெசந்தான?" என்றாள் கடைசியில்.

"நெசந்தான்."

"அப்ப அதச் சொல்லிட்டு வாய மூடிக்கினு வா."

"நீயாம்மா இதச் சொல்ற?"

"ஆமாண்டி, நான்தான் சொல்றேன். கத்துனா கத்தாதங்கிற. கத்தாதன்னா கத்துறேங்கிற. நான் இன்னாதான் பண்ணட்டும்?"

புதன்கிழமை மத்தியானம் கன்னியப்பன் வந்தார். வில்லியனூருக்கு அப்பால் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். ஒரு பையில் நுங்கு கொண்டுவந்திருந்தார். வாசல்படியில் நின்றுகொண்டே, "பாப்பா எப்டிம்மா இருக்குது?" என்றார்.

"உள்ள வாண்ணே. ஏன் அங்கியே நிக்கற?"

உட்கார்ந்தார். பையைக் கையால் பிடிக்காமல் முழங்கையில் மாட்டியிருந்ததை அங்கம்மாள் அப்போதுதான் கவனித்தாள். இரண்டு உள்ளங்கையிலும் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த விரல்களில் தோல் மஞ்சளாகக் காய்ந்து உரிந்திருந்தது.

"இன்னாண்ணே கையில?"

"அதாம்மா, பாப்பா துப்பட்டாவ இழுத்தேன்ல. அதுல ஊறியிருந்திச்சி."

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"கத்தாழ போட்டேன். எரிச்சல் கொறஞ்சிடிச்சி."

"காலேஜ்ல ஒண்ணும் பாக்கலியா?"

கன்னியப்பன் சிரித்தார். "அங்க நான் அன்னிக்கி வேலையிலயே இல்லம்மா. கான்ட்ராக்ட் ரிஜிஸ்டர்ல நான் தோட்டக்காரன். லேப்ல வச்சிக்கிறதுக்கு ஆள் சாங்சன் இல்லியாம். பதினாறு வருசமா பாட்டில் கழுவுற தோட்டக்காரன். தோட்டக்காரனுக்கு எப்டி ஆசிட்டு படும்? அதனால படல."

சங்கவி எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, விபத்து ரிப்போர்ட்ல ஒங்க கை பத்தி எழுதலியா?"

"எனக்குப் படிச்சிக் காட்டுனாங்க பாப்பா. காயம்பட்டவர் ஒருவர்னு போட்டிருக்குது. வீட்ல இருங்க, கூப்புடுவோம்னு அனுப்பிட்டாங்க." பிறகு அவராகவே சொன்னார்: "மூடிய முறுக்குனது நான்தாம்மா. பொய் சொல்லக் கூடாது. நாத்தம் தாங்கல, பாப்பா இருமிக்கினே இருந்திச்சி. மூடுனா நாத்தம் நிக்கும்னு மூடுனேன். மூடக் கூடாதுன்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? ஒரு பாட்டில காட்டி இது இன்னாதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. தொடாதம்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சி, ஏன் இங்கியே கெடக்குது, எடுத்து வையிம்பாங்க."

அங்கம்மாள் உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். இறால் தொக்கு. அவருக்குக் கையால் பிசைய முடியவில்லை. ஸ்பூன் கொடுத்தாள். ஸ்பூனையும் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கித்தான் பிடித்தார். சோறு சட்டையில் கொட்டியது. சுப்ரமணி எழுந்து வந்து, தட்டை வாங்கி, பிசைந்து, ஒவ்வொரு வாயாக ஊட்டினான். கன்னியப்பன் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பித் திருப்பிச் சாப்பிட்டார்.

அங்கம்மாளால் அதைப் பார்க்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் நுங்கைச் சீவிக்கொண்டு நின்றாள். யார் யாரிடமோ கேள்வி கேட்டு அலைந்தோமே, இந்த ஆளை ஒரு தடவை தேடிப்போய்ப் பார்க்கத் தோன்றவில்லையே என்று இருந்தது. அவள் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அவர் போன பிறகு, "கமிட்டி எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

"பத்தரை."

"அந்த நீல சுடிதாரத் தொவச்சிப் போடறேன். அதப் போட்டுக்க. நானும் வரேன்."

"எதுக்கும்மா? வாய மூடுன்னு சொல்லவா?"

"நீ பேசறதக் கேக்க."

வெள்ளிக்கிழமை கமிட்டியில் ஐந்து பேர் இருந்தார்கள். தலைவி பார்வதி என்ற இயற்பியல் பேராசிரியை. மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எதிரே ஹரிகிருஷ்ணன் கையில் ஒரு பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கன்னியப்பனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். மகளுக்குக் கண் சரியில்லை, கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லி அங்கம்மாள் உள்ளே நுழைந்துவிட்டாள்.

"பாட்டில் மூடிய யார் மூடினது?" என்று பார்வதி கேட்டார்.

"கன்னியப்பன் அண்ணன், மேடம். மூடக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்ச நாங்க சொல்லல. பாட்டில்ல லேபிளும் இல்ல. லேபிள் இருக்குதான்னு பாக்க வேண்டியது நான்." சங்கவி மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் லேபோட சேப்டி இன்சார்ஜ். சார்ட்ல எல்லாம் சரியா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டது நான். கண் கழுவற கொழாய ஒரு தடவைகூட தொறந்து பாக்காமயே போட்டேன். பன்னெண்டு மாசத்துக்கு ஒரே நாள்ல போட்டேன்."

பார்வதி அதைக் குறித்துக்கொண்டார்.

"போடச் சொல்லி யாராவது வற்புறுத்தினாங்களா?"

சங்கவி தன் சாரைப் பார்த்தாள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"கைய புடிச்சி யாரும் போடல மேடம். குடுத்தாங்க, போட்டேன். எல்லா லேப்லயும் இப்டித்தான் போடறாங்க. போடமாட்டேன்னு சொன்னா இன்னா ஆவும்னு எல்லாருக்கும் தெரியும்."

"இது உங்களப் பாதிக்கும். தெரியுமா?"

"தெரியும்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

அப்போது அங்கம்மாள், "இன்னொண்ணுங்க" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "காயம்பட்டவர் ஒருத்தர்னு எழுதியிருக்கீங்களாமே. ரெண்டு பேருங்க. ரெண்டாவது ஆளு வெளிய பெஞ்சில ஒக்காந்திருக்காரு. கைய அவுத்துப் பாத்துட்டு எழுதுங்க."

பார்வதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். தானே வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. முன்னால் இருந்த அறிக்கையின் முதல் பக்கத்தைக் கிழித்து மடித்து ஓரமாக வைத்தார்.

விசாரணை மூன்று வாரம் இழுத்தது. கன்னியப்பனை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கைக்கு வைத்தியம் பார்த்தார்கள். ரிஜிஸ்டரில் தோட்டக்காரன் என்பதை அடித்துவிட்டு ஆய்வக உதவியாளர் என்று எழுதினார்கள். சம்பளம் மட்டும் தோட்டக்காரனுக்கு உள்ளதாகவே இருந்தது. இடது கையில் இரண்டு விரல் முழுசாக மடங்கவில்லை. ஆடியில் குழாய்க்குக் கீழே வடிகால் வெட்டினார்கள். ஹரிகிருஷ்ணனுக்கு ஒரு மெமோ. சங்கவிக்கு, பொய்யாகப் பதிவு செய்ததற்காக ஒரு பருவம் ஆய்வகத்துக்குள் வரத் தடை. ஹரிகிருஷ்ணன் தன் கீழ் அவளை வைத்துக்கொள்ள முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போனிலும் பேசவில்லை. சங்கவியை அதுதான் அதிகம் உலுக்கியது. கண்ணில் ஒரு அறுவை செய்த பிறகு பார்வை திரும்பியது. ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல் நின்றுவிட்டது. அந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் திடுக்கிட்டுத் திரும்புவாள்.

"கன்னியப்பனுக்கு வேல கெடச்சிது. வாத்தியாருக்குக் கடுதாசி கெடச்சிது. நம்ம பொண்ணுக்குத்தான் தண்டன" என்று சுப்ரமணி சொல்லிக்கொண்டே இருந்தான். மீன்பிடித் தடை முடிந்து கடலுக்குப் போன பிறகும், கரைக்கு வந்த நாளெல்லாம் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே அங்கம்மாளுக்கு அவனோடு சண்டை வந்தது.

மார்கழி பிறந்து, மழை விட்டிருந்த ஒரு காலை, சங்கவி மறுபடி சேரப் போனாள். வேறொரு பேராசிரியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். பெற்றோர் ஒருவர் வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அங்கம்மாள் கூடப் போனாள். அலுவலகத்தில் பாலாஜி என்ற குமாஸ்தா நான்கு பக்கத் தாள் ஒன்றை நீட்டி, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"இன்னாது இது?"

"உறுதிமொழிம்மா. எல்லாரும் போடறதுதான்."

"இன்னா எழுதியிருக்குது?"

"இங்கிலீஷ்ல இருக்குதும்மா."

"நீ தமிழ்ல சொல்லு."

பாலாஜி கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அங்கம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முழுக்க மாணவர் என்னென்ன செய்யக் கூடாது என்று இருந்தது. இரண்டாம் பக்கமும் அதுதான். அவர் இரண்டு வரியைத் தாண்டிப் போனார்.

"ரெண்டு வரி வுட்டுட்ட."

"அது ஒண்ணும் இல்லம்மா."

"இல்லாததயும் படி."

மூன்றாம் பக்கத்தில் அவர் குரல் இறங்கியது. "ஆய்வகத்துக்குள்ள நடக்கற எந்த விபத்துக்கும் மாணவரே முழுப் பொறுப்பு."

"அப்ப நீங்க எதுக்குப் பொறுப்பு?"

பாலாஜி தாளைப் புரட்டினார். நான்காம் பக்கம் வரை பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். "அதுக்கு இதுல எடம் இல்லம்மா" என்றார், உண்மையாகவே குழம்பிப்போய்.

"எடம் வுட்டு எழுதிக்கினு வா. கொழாயப் பாத்துக்கறது யாரு, கண்ணாடி குடுக்கறது யாரு, பாட்டில்ல பேரு ஒட்டறது யாரு. பேரோட எழுதி, அவங்க கையெழுத்து போடட்டும். அப்பறம் நான் போடறேன்."

"அதெல்லாம் ரிஜிஸ்ட்ரார் சொல்லணும்மா."

"போய்க் கேளு. நாங்க இங்கதான் இருப்போம்."

வரிசையில் நின்ற ஒரு பையன், "மேடம், நாங்க மொதல்ல போட்டுட்டுப் போயிடறோமே" என்றான். அவன் கையிலும் அதே நான்கு பக்கத் தாள்.

அங்கம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "படிச்சியா?"

அவன் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டான்.

பாலாஜி பெருமூச்சு விட்டுத் தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். பதினொன்று ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் சங்கவி, "அம்மா, சும்மா இரேன்" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பாள். இப்போது அவள் இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து, அம்மா தன் வலது கண் பக்கம் நன்றாகத் தெரிகிற மாதிரிப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.